அந்த எதிர்ப்பொருள் யாருடையது?

கேள்வி:

எனக்கு வயது 31. ஐந்து ஆண்டுகளுக்கு முன் எச்.ஐ.வி. தொற்று இருப்பது தெரியவந்தது. அன்றிலிருந்து வைரஸை அடக்கிவைக்கும் ஏ.ஆர்.டி. மாத்திரை சாப்பிட்டு வருகிறேன். கருவுற்றிருந்தபோது இரண்டு முறை வைரல் லோடு, அதாவது ரத்தத்தில் வைரஸின் அளவு, பார்த்தார்கள். இரண்டு முறையும் ‘கண்டறிய முடியாத அளவு’ என்றே வந்தது. கடைசியாகப் பார்த்தது எட்டாம் மாதத்தில். கணவருக்குத் தொற்று இல்லை. மகளுக்கு இப்போது எட்டரை மாதம். பிறந்த நாளிலிருந்து ஆறு வாரம், தொற்றாமல் தடுக்க நெவிரபின் மருந்து கொடுத்தோம். ஆறாவது வாரத்தில் குதிகாலில் ரத்தம் எடுத்துச் செய்த பி.சி.ஆர். பரிசோதனையில் ‘நெகட்டிவ்’ என்று வந்தது. ஒன்பதாம் மாதம் மறுபடி வரச் சொல்லியிருக்கிறார்கள்.

பன்னிரண்டு நாள்களுக்கு முன் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. வழக்கமாகப் போகும் மருத்துவமனைக்குப் போக முடியாமல் வேறோர் இடத்தில் காட்டினோம். என் நோயைச் சொன்னதும் குழந்தைக்கு ரத்தம் எடுத்தார்கள். அரைமணி நேரத்தில் ‘எச்.ஐ.வி. பாசிட்டிவ்’ என்று எழுதிய ஒரு தாளைக் கையில் கொடுத்தார்கள். வேறெதுவும் சொல்லவில்லை. அன்றிரவே தாய்ப்பாலை நிறுத்திவிட்டேன். அந்தத் தாளைக் கணவருக்குக்கூடக் காட்டாமல் துணிகளுக்கு அடியில் ஒளித்து வைத்திருக்கிறேன். அவரோ, “முதல் பரிசோதனையிலேயே இல்லை என்று வந்துவிட்டதே, இன்னும் எதற்குக் குழந்தையைக் குத்திக்கொண்டே இருக்க வேண்டும்?” என்கிறார். உண்மையைச் சொன்னால், குழந்தை பிறந்த பிறகு சில இரவுகளில் மாத்திரை போட மறந்து தூங்கிப்போயிருக்கிறேன். என் மகளுக்கு நான் நோயைக் கொடுத்துவிட்டேனா? பாலை நிறுத்தியது சரியா? இன்னும் எத்தனை காலம் அவளைப் பரிசோதனைக்கு அழைத்துச் செல்ல வேண்டும்? நான் சாப்பிட்ட மாத்திரைகள் பின்னாளில் அவளைப் பாதிக்குமா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

இந்தப் பன்னிரண்டு இரவுகளையும் நீங்கள் எப்படிக் கழித்திருப்பீர்கள் என்பதை ஊகிக்க முடிவதால், விளக்கத்துக்கு முன் விடையைச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் ஒளித்து வைத்திருக்கும் அந்தத் தாள், உங்கள் மகளுக்குத் தொற்று ஏற்பட்டுவிட்டது என்று சொல்லவில்லை. அரைமணி நேரத்தில் முடிவு தரும் பரிசோதனை ரத்தத்தில் வைரஸைத் தேடுவதில்லை; வைரஸையே தேடுவது ஆறாவது வாரத்தில் செய்த பி.சி.ஆர். பரிசோதனைதான். விரைவுப் பரிசோதனையோ, வைரஸை எதிர்த்து உடல் உண்டாக்கும் ஆன்டிபாடியை, அதாவது எதிர்ப்பொருளைத் தேடுகிறது. பெரியவர்களுக்கு இந்த வேறுபாடு பெரிதாகத் தெரியாது. அவர்களுடைய ரத்தத்தில் எச்.ஐ.வி. எதிர்ப்பொருள் இருந்தால் அதை அவர்களுடைய உடலேதான் உண்டாக்கியிருக்க வேண்டும், ஆகவே வைரஸும் இருக்கிறது என்று கொள்ளலாம். கைக்குழந்தைக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் தாயின் எதிர்ப்பொருள்கள் நஞ்சுக்கொடி வழியாகக் குழந்தைக்கு ஏராளமாகச் சென்று சேர்கின்றன. பிறந்த குழந்தையைத் தொடக்க மாதங்களில் பல நோய்களிலிருந்து காப்பாற்றுவது இந்தச் சீதனம்தான். அம்மைக்கு எதிரானது எது, எச்.ஐ.வி.க்கு எதிரானது எது என்று பிரித்துப் பார்த்து அனுப்ப நஞ்சுக்கொடிக்குத் தெரியாது, எல்லாவற்றையும் அனுப்பிவிடுகிறது.

அப்படி வந்த எதிர்ப்பொருள் மாதத்துக்கு மாதம் குறைந்துகொண்டே போய், பெரும்பாலான குழந்தைகளிடம் 18 மாதத்துக்குள் மறைந்துவிடும். எட்டரை மாதக் குழந்தையிடம் அது மிச்சமிருப்பது மிகச் சாதாரணம். இன்றைய விரைவுப் பரிசோதனைகள் மிகச் சிறிய அளவையும் காட்டிக்கொடுத்துவிடும் என்பதால், உங்கள் மகளுக்கு ‘பாசிட்டிவ்’ என்று வந்ததில் வியப்பே இல்லை. அந்தக் கருவி கண்டது பெரும்பாலும் உங்களுடைய எதிர்ப்பொருளைத்தான். இந்தக் காரணத்தால்தான் 18 மாதத்துக்குக் கீழுள்ள குழந்தைக்குத் தொற்று இருப்பதாக எதிர்ப்பொருள் பரிசோதனையை மட்டும் வைத்து முடிவு கட்டக்கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் நெடுங்காலமாகச் சொல்லிவருகிறது. தாயின் நிலை தெரிந்திருந்தும் குழந்தைக்கு அதே பரிசோதனையைச் செய்து, ஒரு சொல் விளக்கமும் இல்லாமல் தாளைக் கையில் திணித்து அனுப்பியது எனக்கு வருத்தமாகவும் கோபமாகவும் இருக்கிறது. இனி எங்கே சென்றாலும், முடிவு என்ன என்று கேட்பதற்கு முன் என்ன பரிசோதனை செய்தீர்கள் என்று கேளுங்கள். பரிசோதனையின் பெயர் இல்லாத ‘பாசிட்டிவ்’ என்ற சொல்லுக்கு இந்த வயதில் பொருளே இல்லை.

அதற்காக, உங்கள் மகளுக்குத் தொற்று இல்லவே இல்லை என்று இப்போதே நான் உறுதி கூறிவிட முடியாது. இங்கேதான் உங்கள் கணவரின் கேள்விக்கும் விடை இருக்கிறது. தாயிடமிருந்து குழந்தைக்கு இந்த வைரஸ் செல்லக்கூடிய காலங்கள் மூன்று: கருவில் இருக்கும்போது, பிரசவத்தின்போது, தாய்ப்பால் குடிக்கும் மாதங்களில். பிரசவத்தின்போது தொற்றிய வைரஸ் பெருகி, பி.சி.ஆர். பரிசோதனையில் தென்படச் சில வாரங்கள் ஆகும்; அதனால்தான் பிறந்தவுடன் செய்யும் பரிசோதனையோடு நிறுத்திவிடாமல் நான்கிலிருந்து ஆறு வாரத்துக்குள் ரத்தம் எடுக்கிறோம். ஆறாவது வாரம் வந்த ‘நெகட்டிவ்’ முதல் இரண்டு காலங்களுக்கும் ஏறக்குறைய முழுமையான விடை. ஆனால் அதற்குப் பிறகு அவள் ஆறு மாதங்களுக்கு மேல் பால் குடித்திருக்கிறாள். அந்த மாதங்களைப் பற்றி அதற்கு முன்பே எடுத்த ரத்தத்துளி எதையும் சொல்ல முடியாது. கணவரிடம் இதை இப்படியே சொல்லுங்கள். குழந்தையைக் குத்துவது தேவையில்லை என்று அவர் சொல்வது அக்கறையினால்தான். முதல் முடிவு எந்தக் காலத்துக்கு உரியது என்பதை யாரும் அவருக்கு எடுத்துச் சொல்லியிருக்க மாட்டார்கள். என் அனுபவத்தில், இப்படிப் பிறந்த குழந்தைகள் தொடர் கண்காணிப்பிலிருந்து நழுவிப்போவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்: ஆறாவது வாரத்தின் நல்ல செய்திக்கும் கடைசிப் பரிசோதனைக்கும் நடுவே.

ஆபத்து எவ்வளவு என்று கேட்பீர்கள். தாய்க்கோ குழந்தைக்கோ எந்த மருந்தும் இல்லாத நிலையில், கர்ப்பம் முதல் பால்குடி மறக்கும் வரையிலான முழுக் காலத்திலும் சேர்த்துத் தொற்று பரவும் வாய்ப்பு 15 முதல் 45 சதவீதம் வரை இருந்தது. கருவுறுவதற்கு முன்பிருந்தே மாத்திரை சாப்பிட்டு, வைரஸ் அளவு அடங்கிய நிலையில் பிரசவித்த தாய்மார்களிடம் கருவிலும் பிரசவத்திலும் பரவுவது ஒரு சதவீதத்துக்கும் கீழே வந்துவிட்டது. தாய்ப்பாலைப் பொறுத்தவரை, ப்ராமிஸ் என்ற பெரிய ஆய்வில் தாய்க்கு முழுச் சிகிச்சையோ குழந்தைக்குத் தினசரி நெவிரபினோ கொடுக்கப்பட்டபோது, குழந்தைகளுக்குப் பரவியது 6 மாதத்தில் 0.3 சதவீதமாகவும் 12 மாதத்தில் 0.6 சதவீதமாகவும்தான் இருந்தது. மிகக் குறைவு, ஆனால் பூஜ்யம் இல்லை. அந்தக் குறைந்த எண்ணும் மாத்திரை தவறாமல் வயிற்றுக்குள் போனால்தான் கிடைக்கும்.

உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்திய வரி அந்தத் தாளைப் பற்றியது அல்ல. சில இரவுகளில் மாத்திரை மறந்துபோனதாக நீங்கள் எழுதிய வரிதான். அதை மறைக்காமல் எழுதியதற்கு நன்றி. பிரசவத்துக்குப் பிறகு இப்படி நடப்பது மிகவும் சகஜம். கர்ப்பத்தின்போது எல்லோரும் தாயைக் கவனிக்கிறார்கள். குழந்தை வந்ததும் தாயையும் சேர்த்து எல்லோரும் குழந்தையைத்தான் கவனிக்கிறார்கள். ஒன்றிரண்டு வேளை தவறியதனால் மட்டும் வைரஸ் உடனே பெருகிவிடும் என்று சொல்ல முடியாது. ஆனால் கடைசியாக வைரல் லோடு பார்த்தது எட்டாம் மாதக் கர்ப்பத்தில் என்றால், அந்த முடிவுக்கு இப்போது ஒன்பது மாதத்துக்கு மேல் வயதாகிவிட்டது. அதைக் கொண்டு இன்றைய தாய்ப்பாலுக்குச் சான்றிதழ் தர முடியாது. பால் கொடுக்கும் தாய்க்குச் சில மாதங்களுக்கு ஒரு முறை வைரல் லோடு பார்க்க வேண்டும். உங்களுக்கு அது விட்டுப்போயிருக்கிறது. ஆகவே இந்த வாரம் இரண்டு ரத்தங்கள் எடுக்கப்பட வேண்டும்: மகளுக்குப் பி.சி.ஆர்., உங்களுக்கு வைரல் லோடு. ஒன்பதாம் மாதத் தேதி வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். இரண்டு வாரம் முன்னதாகச் செய்வதால் எந்தக் கேடும் இல்லை.

மாத்திரையை இரவு படுக்கும் நேரத்தோடு கட்டி வைத்திருப்பதுதான் சிக்கல் என்று தோன்றுகிறது. கைக்குழந்தை உள்ள வீட்டில் படுக்கும் நேரம் என்று ஒன்று கிடையாது. மருத்துவரிடம் சொல்லிக் காலைக்கு மாற்றிக்கொள்ளுங்கள். இப்போது பரவலாகத் தரப்படும் டோலுடெக்ராவிர் அடங்கிய மாத்திரையைக் காலையில் போடுவதில் பொதுவாகத் தடை இல்லை. பழைய எஃபாவிரென்ஸ் மாத்திரையாக இருந்தால் தலைச்சுற்றல் வரும் என்பதால் இரவில் தந்திருப்பார்கள். அப்படியானால் மருந்தையே மாற்றுவது பற்றி அவரே பேசுவார்.

குழந்தையின் பரிசோதனை எப்படி நடக்கும் என்று தெரிந்து வைத்துக்கொண்டால், சரியாக நடக்கிறதா என்று நீங்களே பார்த்துக்கொள்ளலாம். பல இடங்களில் உலர்ந்த ரத்தப்புள்ளி முறையைத்தான் கையாள்கிறார்கள். குழந்தையின் பாதத்தைக் கதகதப்பாக்கி, குதிகாலின் ஓரத்தில் அல்லது கால் பெருவிரலில் குத்தி, முதல் துளியைத் துடைத்துவிட்டு, அடுத்த துளிகளைத் தடித்த வடிகட்டுத்தாளில் அச்சிட்டிருக்கும் சிறு வட்டங்களில் ஒவ்வொன்றாக விழவிடுவார்கள். வட்டம் முழுவதும் ஒரே பெரிய துளியால் நனைந்து தாளின் பின்பக்கமும் தெரிய வேண்டும். ஒரே வட்டத்தில் துளிமேல் துளியாக வைத்து நிரப்பினாலோ, காலை அழுத்திப் பிழிந்தாலோ, விரல் பட்டுவிட்டாலோ அந்த மாதிரி பயன்படாமல் திரும்பி வரக்கூடும். பிறகு அந்தத் தாளை வெயில் படாமல், சூடு காட்டாமல், காற்றில் சில மணி நேரம் உலரவைத்து, ஈரம் உறிஞ்சும் பொட்டலத்தோடு உறையிலிட்டு ஆய்வகத்துக்கு அனுப்புவார்கள். அழும் குழந்தையின் காலைப் பிடித்துக்கொண்டிருக்கும் ஐந்து நிமிடம் உங்களுக்கு நீளமாகத்தான் இருக்கும். ஆனால் மாதிரி கெட்டுப்போய் மறுபடி வரச் சொன்னால் அதைவிட நீளம். கிளம்புவதற்கு முன் ஒன்றைக் கட்டாயம் கேளுங்கள்: முடிவு எந்தத் தேதியில் வரும், அதை யார் உங்களிடம் சொல்வார்கள்? பரிசோதனை செய்தும் முடிவு தாயின் கைக்கு வந்து சேராமல் போவது நான் அடிக்கடி காணும் குறை.

‘நெகட்டிவ்’ என்று வந்தால் என்ன என்பதற்குக் கீழே வருகிறேன். ஒருவேளை ‘பாசிட்டிவ்’ என்று வந்தால், அன்றே மருந்தைத் தொடங்கிவிட்டு, உறுதி செய்துகொள்ள இரண்டாவது மாதிரி எடுப்பார்கள். இரண்டாவது முடிவுக்காகக் காத்திருந்து பிறகு மருந்து தொடங்கலாம் என்று யாரேனும் சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். சிகிச்சையே இல்லாமல் விட்டால், தொற்றுள்ள குழந்தைகளில் ஏறக்குறைய பாதிப்பேர் இரண்டு வயதைத் தாண்டுவதில்லை என்பது மருந்துகள் எட்டாத காலத்தில் கண்ட கசப்பான உண்மை. அந்த இறப்புகளில் பெரும்பகுதி முதல் வருடத்திலேயே நிகழ்ந்தது. தென்னாப்பிரிக்காவில் நடந்து 2008-இல் வெளியான ஓர் ஆய்வு, நோய் முற்றும் வரை காத்திராமல் முதல் 12 வாரத்துக்குள்ளேயே மருந்து தொடங்கிய குழந்தைகளிடம் இறப்பு 76 சதவீதம் குறைந்ததைக் காட்டியது. கைக்குழந்தைகளுக்கு உடனடிச் சிகிச்சை என்பது அதன்பின் எங்கும் நடைமுறையாகிவிட்டது. இன்று நீரில் கரைத்துக் கொடுக்கக்கூடிய டோலுடெக்ராவிர் மாத்திரை குழந்தைகளுக்கென்றே இருக்கிறது. சீக்கிரம் தொடங்கித் தவறாமல் மருந்து பெறும் குழந்தை படித்து, வேலைக்குப் போய், குடும்பம் நடத்தும் வயது வரை வளர்வதை என் போன்றவர்கள் இப்போது கண்ணால் பார்க்கிறோம். இன்னொன்றும் உண்டு: நல்ல சிகிச்சையில் இருக்கும் தாய்மாரின் குழந்தைகளிடம் உண்மையான தொற்று மிக அரிதாகிவிட்டதால், ஒரு தனி ‘பாசிட்டிவ்’ முடிவு தவறாக இருப்பதற்கான வாய்ப்பு முன்னைவிடக் கூடியிருக்கிறது. இரண்டாவது மாதிரி அதற்காகத்தான்.

இனிப் பாலை நிறுத்தியது பற்றி. பயத்தில் செய்தீர்கள், உங்கள் இடத்தில் யாராக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்கள். ஆயினும் ஒரே இரவில் நிறுத்துவதை நாங்கள் பரிந்துரைப்பதில்லை. நிறுத்த வேண்டுமானால் ஒரு மாத காலத்தில் படிப்படியாகக் குறைக்கச் சொல்வதே வழக்கம். திடீரென்று நிறுத்தினால் மார்பு கட்டிக்கொள்ளும், சில சமயம் புண்ணாகும், அந்த நாள்களில் பாலில் வைரஸின் அளவும் கூடும். மனம் மாறி மறுபடி பால் கொடுத்தால் குழந்தைக்குப் போவது அந்தப் பால். ஜாம்பியாவில் நடந்த ஓர் ஆய்வில் நான்காம் மாதத்தில் சட்டென்று பால் மறக்கடிக்கப்பட்ட குழந்தைகளையும் தொடர்ந்து குடித்த குழந்தைகளையும் ஒப்பிட்டார்கள். இரண்டு வயதில் தொற்றின்றி உயிரோடிருந்தவர்களின் விகிதத்தில் இரு பிரிவுக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. பாலை நிறுத்தியதால் தொற்றில் கிடைத்த ஆதாயத்தை வயிற்றுப்போக்கும் சத்துக்குறைவும் தின்றுவிட்டன. தாய்மார்களுக்கு முழுச் சிகிச்சை கிடைக்காத காலத்து ஆய்வு அது. 2016 முதல் உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை, தாய் தவறாமல் ஏ.ஆர்.டி. எடுத்துக்கொள்ளும் பட்சத்தில் முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும், அதன்பின் இணை உணவுடன் குறைந்தது 12 மாதமும், விரும்பினால் 24 மாதமோ அதற்கு மேலோ தாய்ப்பால் என்பதாக இருக்கிறது. மாற்றுப்பாலைச் சுகாதாரமாகக் கொடுக்க எளிதாக வழியுள்ள சில நாடுகள் தாய்ப்பாலையே தவிர்க்கச் சொல்லிவந்திருக்கின்றன. எனவே உங்கள் மருத்துவமனை கடைப்பிடிக்கும் நெறி எது என்று கேட்டறிந்து அதன்படி நடப்பது நல்லது.

உங்களுக்கு நான் சொல்வது: வைரல் லோடு முடிவு வரும் வரை மறுபடி மார்பில் போட வேண்டாம். பால் இன்னும் ஊறிக்கொண்டிருந்தால், வற்றிப்போகாமலும் கட்டிக்கொள்ளாமலும் இருக்கக் கையால் பீய்ச்சி எடுத்துவிடுங்கள். வைரஸ் அடங்கியே இருக்கிறது என்று வந்தால், மறுபடி கொடுப்பதா வேண்டாமா என்பதை உங்கள் மருத்துவரோடு பேசி நீங்களே முடிவெடுக்கலாம். இரண்டில் எதைத் தேர்ந்தெடுத்தாலும் அது தவறாகாது. அடங்கவில்லை என்று வந்தால், பாலைத் தொடர்வதற்கு முன் உங்கள் சிகிச்சை சீராக வேண்டும், குழந்தைக்குத் தடுப்பு மருந்தை மறுபடி தொடங்குவதா என்பதையும் மருத்துவர் பார்ப்பார். பால் முழுவதுமாக வற்றிவிட்டாலும் கலங்க வேண்டாம். எட்டரை மாதக் குழந்தைக்கு ஏற்ற மாற்றுப்பாலும் போதிய இணை உணவும் கிடைத்தால் அவள் வளர்ச்சி குன்றாது. எப்படியானாலும், அவள் கடைசியாகத் தாய்ப்பால் குடித்த தேதியை எழுதி வையுங்கள். உங்கள் மூன்றாவது கேள்விக்கான விடை அந்தத் தேதியில்தான் இருக்கிறது.

இந்த வாரப் பரிசோதனை ‘நெகட்டிவ்’ என்று வந்தால், அடுத்து, பால் நிறுத்தி மூன்று மாதம் ஆன பிறகோ 18 மாதம் நிறைந்த பிறகோ, இரண்டில் எது பிந்தி வருகிறதோ அப்போது கடைசிப் பரிசோதனை செய்யப்படும். ஏன் மூன்று மாதம் என்றால், கடைசி நாள் குடித்த பாலிலிருந்து தொற்றியிருந்தாலும் அது வெளிப்பட அவ்வளவு காலம் போதுமானது என்பதால். நீங்கள் பன்னிரண்டு நாள்களுக்கு முன்பே முற்றிலுமாக நிறுத்திவிட்டீர்கள் என்று வைத்துக்கொண்டால், 18 மாதத்தில் செய்யும் பரிசோதனையே இறுதியானது. மறுபடி தொடங்கி 22 மாதம் வரை கொடுத்தீர்கள் என்றால், 18 மாதத்தில் வரும் நல்ல முடிவும் இடைக்கால முடிவே. 25 மாதம் வரை காத்திருக்க வேண்டும். இடையில் குழந்தைக்கு உடல்நலம் சந்தேகத்துக்கு இடமளித்தால் எந்தத் தேதியையும் பார்க்காமல் உடனே பி.சி.ஆர். செய்துவிடலாம்.

கடிதத்தில் கோட்ரைமாக்சசோல் பற்றி ஒன்றும் எழுதவில்லை. பல நாடுகளில், தாய்க்கு எச்.ஐ.வி. உள்ள குழந்தைகளுக்கு நான்கு முதல் ஆறு வார வயதில் இந்த மருந்தைத் தினமும் ஒரு வேளை கொடுக்கத் தொடங்கி, பால் நிறுத்திய பின் தொற்று இல்லை என்று உறுதியாகும் வரை தொடர்கிறார்கள். எச்.ஐ.வி.க்கு எதிரான மருந்து அல்ல இது. தொற்றுள்ள குழந்தைகளை மூன்று முதல் ஆறு மாத வயதில் சட்டென்று தாக்கும் நியூமோசிஸ்டிஸ் என்ற நிமோனியாவைத் தடுப்பதற்கானது. உங்களுக்கு எழுதித் தந்திருந்து, முதல் முடிவு நல்லதாக வந்ததும் நீங்களாகவே நிறுத்தியிருந்தால், அதையும் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.

தொற்று இல்லை என்று இறுதியாகத் தெரிந்துவிட்ட குழந்தைகளைப் பற்றி மருத்துவ உலகம் நெடுங்காலம் அதிகம் யோசிக்கவில்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். தாய்க்கு எச்.ஐ.வி. இருந்தும் தொற்றின்றிப் பிறந்த குழந்தைகள் உலகில் இன்று 1.5 கோடிக்கும் மேல் இருக்கிறார்கள். இவர்களில் பெரும்பாலோர் மற்றக் குழந்தைகளைப் போலவே வளர்கிறார்கள். ஆனாலும் கூட்டமாக எடுத்து ஒப்பிட்டுப் பார்க்கும்போது, குறைமாதத்தில் பிறப்பது, முதல் வருடத்தில் நிமோனியா போன்ற தொற்றுகளால் மருத்துவமனையில் சேர்வது, உயரமும் எடையும் சற்றுப் பின்தங்குவது ஆகியவை இவர்களிடம் கொஞ்சம் அதிகமாகக் காணப்படுகின்றன; பேச்சு வளர்ச்சியில் சிறிய தாமதத்தைச் சில ஆய்வுகள் குறிப்பிடுகின்றன. தாயின் உடல்நிலை, குறைப்பிரசவம், தாய்ப்பால் கிடைக்காமை, வறுமை, கருவிலிருக்கும்போது நோயெதிர்ப்பு மண்டலத்தில் ஏற்படும் மாற்றங்கள் என்று காரணங்கள் பின்னிக் கிடக்கின்றன. தாய் நன்றாகச் சிகிச்சையில் இருந்து, குழந்தை நிறைமாதத்தில் பிறந்து, பாலும் குடித்திருந்தால் இந்த வேறுபாடு பெரிதும் சுருங்கிவிடுகிறது. உங்களைப் பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. ‘நெகட்டிவ்’ வந்த நாளோடு வளர்ச்சி அட்டையை மூடிவிடக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன்.

ஒவ்வொரு முறை போகும்போதும் எடை, நீளம், தலைச் சுற்றளவு மூன்றையும் அளந்து அட்டையில் புள்ளி வைக்கிறார்களா என்று பாருங்கள். எடையை மட்டும் பார்த்துவிட்டு அனுப்பினால் மற்ற இரண்டையும் கேட்டு வாங்குங்கள். ஒரு புள்ளி தாழ்ந்திருப்பதில் பெரிய பொருள் இல்லை. அடுத்தடுத்த புள்ளிகள் கோட்டோடு ஏறாமல் படுத்துக்கொண்டால் அதற்குக் காரணம் தேட வேண்டும். இப்போது அவள் பிடிமானமின்றி உட்காருகிறாளா, பெயர் சொல்லி அழைத்தால் திரும்புகிறாளா, ஒரு கையிலிருந்து மற்றக் கைக்குப் பொருளை மாற்றுகிறாளா, ‘பபபா, மமமா’ என்று அசைகளை அடுக்குகிறாளா என்பவற்றை ஒன்பதாம் மாதத்தில் பார்ப்போம்; ஒன்றரை வயதிலும் இரண்டு வயதிலும் பேச்சைத் தனியாகக் கவனிப்போம். காய்ச்சலோடு மூச்சு வேகமாவது, மூச்சிழுக்கும்போது விலாவுக்குக் கீழே குழிவிழுவது, பால் குடிக்க மறுப்பது ஆகியவற்றுக்கு அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். வாயில் வெண்படலம் மருந்துக்கும் போகாமல் நிலைப்பது, காதில் திரும்பத் திரும்பச் சீழ் வடிவது, கழுத்திலும் அக்குளிலும் நெறி கட்டியே இருப்பது, கற்றுக்கொண்ட ஒன்றை மறந்துபோவது ஆகியவை பி.சி.ஆர். பரிசோதனையை நினைவூட்ட வேண்டிய அறிகுறிகள். வீட்டில் யாருக்காவது இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் அவருக்கும் குழந்தைக்கும் காசநோய்க்கான சோதனை தேவை. தடுப்பூசிகளில் எதையும் தவறவிட வேண்டாம்; தட்டம்மைக்கு ஆறாம் மாதத்தில் ஒரு கூடுதல் தவணை இத்தகைய குழந்தைகளுக்குப் பரிந்துரைக்கப்படுகிறது, அது போடப்பட்டதா என்று அட்டையில் பார்த்துக்கொள்ளுங்கள்.

மாத்திரைகளைப் பற்றிய உங்கள் கவலைக்கு வருகிறேன். கர்ப்பிணிகளுக்கு முதன்முதலாக சிடோவுடின் என்ற எச்.ஐ.வி. மருந்தைக் கொடுத்துப் பார்த்த ஆய்வின் முடிவு வெளியானது 1994-இல். குழந்தைக்குத் தொற்றுவது 25.5 சதவீதத்திலிருந்து 8.3 சதவீதமாக அதில் குறைந்தது. அதற்குப் பின் இத்தனை ஆண்டுகளில் லட்சக்கணக்கான குழந்தைகள் கருவிலேயே இம்மருந்துகளோடு வளர்ந்திருக்கிறார்கள். சிடோவுடின் சில குழந்தைகளுக்குத் தற்காலிகமான ரத்தசோகையைத் தரும், நிறுத்தியதும் சரியாகிவிடும். செல்லுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியாவில் கோளாறு ஏற்பட்டதாக மிகச் சில குழந்தைகளிடம் பதிவாகியிருக்கிறது. காரணம் புரியாத தசைத் தளர்ச்சியோ வலிப்போ வரும் குழந்தையிடம் நாங்கள் அதையும் நினைத்துப் பார்ப்போம். டோலுடெக்ராவிர் குழந்தையின் தண்டுவடத்தைப் பாதிக்குமோ என்ற அச்சம் 2018-இல் போட்ஸ்வானாவிலிருந்து வந்த முதற்கட்டத் தகவலால் எழுந்தது. மேலும் ஆயிரக்கணக்கான பிரசவங்களைக் கணக்கில் எடுத்தபோது அந்த அச்சத்துக்கு ஆதாரம் இல்லாமல் போயிற்று. கர்ப்பத்தின் எந்த மாதத்தில் எந்த மாத்திரை சாப்பிட்டீர்கள், மகளுக்கு எத்தனை வாரம் என்ன மருந்து கொடுத்தீர்கள் என்பதை ஒரு தாளில் எழுதி அவளுடைய தடுப்பூசி அட்டையோடு வையுங்கள். பத்து வருடம் கழித்து ஒரு மருத்துவர் கேட்டால் நினைவிலிருந்து சொல்ல முடியாது.

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். முத்தமிடுவதாலோ, ஒன்றாகக் குளிப்பதாலோ, உங்கள் தட்டிலிருந்து எடுத்து ஊட்டுவதாலோ இது பரவாது. இந்தப் பன்னிரண்டு நாள்களில் அவளைத் தூக்கவே தயங்கியிருந்தால் அந்தத் தயக்கத்தை இன்றே விட்டுவிடுங்கள். ஒன்றே ஒன்றை மட்டும் தவிர்க்கவும்: கடினமான உணவை உங்கள் வாயில் மென்று அவளுக்குக் கொடுப்பது. ஈறில் கசியும் ரத்தம் வழியாக அப்படித் தொற்றிய குழந்தைகள் சிலரைப் பற்றி மருத்துவ இதழ்களில் பதிவு இருக்கிறது. குழந்தையை நாள்முழுதும் பார்த்துக்கொள்ளும் காப்பகத்துக்கோ அக்கம்பக்கத்தாருக்கோ உங்கள் நோயைச் சொல்ல வேண்டிய கடமை உங்களுக்கு இல்லை. அவளுக்குச் சிகிச்சை செய்யும் மருத்துவருக்கு மட்டும் தெரிந்தால் போதும்.

கணவரிடம் அந்தத் தாளைக் காட்டுங்கள். உங்கள் நோயை ஏற்கெனவே அறிந்தவர் அவர். அந்தத் தாளின் பொருள் இப்போது உங்களுக்கும் தெரியும் என்பதால் காட்டுவது அன்றைவிட எளிது. பரிசோதனைக்கு இருவருமாகப் போங்கள், குழந்தையின் காலைப் பிடிக்க இன்னொரு கை வேண்டும்.

18 மாதத்தில் இறுதிப் பரிசோதனை பெரும்பாலும் எதிர்ப்பொருள் பரிசோதனையாகவே இருக்கும். அதற்குள் உங்கள் எதிர்ப்பொருள் அவள் உடலிலிருந்து போயிருக்கும் என்ற கணக்கில்தான் அந்த வயதை வைத்திருக்கிறார்கள். ஆனால் சில குழந்தைகளிடம் அது இன்னும் சில மாதங்கள் தங்கிவிடுவதுண்டு. இரண்டு வயது நெருங்கும்போது மறைந்த குழந்தைகளை நானே பார்த்திருக்கிறேன். எனவே அன்று ‘பாசிட்டிவ்’ என்று வந்தால், பி.சி.ஆர். செய்யாமல் அங்கிருந்து கிளம்பாதீர்கள். இந்த வாரம் மருத்துவமனைக்குப் போகும்போது துணிகளுக்கு அடியில் இருக்கும் தாளைக் கிழித்துப் போடாமல் எடுத்துச் செல்லுங்கள். அதன்மேல் என்ன பரிசோதனை, எந்த வயதில் செய்யப்பட்டது என்று உங்கள் மருத்துவர் எழுதிக் கையெழுத்திட்டு மகளின் கோப்பில் சேர்க்கட்டும், நாளை வேறு யாராவது அதைப் பார்த்துத் தவறாகப் படித்துவிடாமல் இருக்க.